மெழுகும் பாலித்தீனும் ஒரே இனம் என்றால் இவ்வளவு வேறுபாடு ஏன்?

வேதிமாணவி:
வணக்கம். ஒற்றைப்படிகள் எனும் சிறு மூலக்கூறுகள் பல இணைந்து உருவாகும் நீண்ட மூலக்கூறே பலபடி என்ற வரையறையை ஒப்பிக்க முடிகிறது. அதற்கு மேல் எனக்குத் தெளிவில்லை. மெழுகுவர்த்தியின் பாரஃபினும் பாலித்தீனும் கார்பன், ஹைட்ரஜன் ஆகிய இரண்டால் மட்டுமே ஆனவை. பிணைப்புகளும் அதே ஒற்றைப் பிணைப்புகள்தாம். அப்படியிருக்க, மெழுகு நகம் பட்டாலே உதிர்வதும், பாலித்தீன் தாள் இழுத்தால் கிழியாமல் நீள்வதும் எதனால்? சில பிளாஸ்டிக்குகள் சூட்டில் உருகும்போது வேறு சில உருகாமலே கருகுவது ஏன்?

பழைய குடுவை:
முதல் கேள்விக்கு முதன்மையான காரணம் நீளம்தான். பாரஃபின் மூலக்கூறு ஒன்றில் ஏறத்தாழ 20 முதல் 40 கார்பன் அணுக்கள் இருக்கும். பாலித்தீன் சங்கிலியிலோ அவை ஆயிரக்கணக்கில் இருக்கும். அருகருகே கிடக்கும் இரு சங்கிலிகளுக்கு இடையிலான வாண்டர்வால்ஸ் ஈர்ப்பு (மூலக்கூறுகளுக்கு இடையே நிலவும் வலுக்குறைந்த ஈர்ப்பு), ஓர் அலகுக்கு மிகச் சிறியதாயினும், சங்கிலி நெடுகக் கூடிக்கொண்டே போகிறது. அதோடு, நீண்ட சங்கிலிகள் நூல்கண்டு போல ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. குட்டை மூலக்கூறுகளால் அப்படிச் சிக்கிக்கொள்ள முடியாது. மெழுகு 60 டிகிரி செல்சியசை ஒட்டி உருக, அடர்த்தி மிகுந்த பாலித்தீன் 130 டிகிரி அளவில்தான் உருகுகிறது. எந்தப் பலபடியையும் கொதிக்க வைக்கவே முடியாது என்பதையும் கவனியுங்கள்: ஒரு முழுச் சங்கிலியை மற்றவற்றிடமிருந்து பிரித்தெடுக்கத் தேவையான ஆற்றல், அதன் கார்பன்–கார்பன் பிணைப்பை முறிக்கத் தேவையானதைவிட அதிகமாதலால், ஆவியாகும் முன்பே அது சிதைந்துவிடும்.

பலபடி என்பது நீண்ட சங்கிலி என்ற கருத்தை அன்றைய வேதியியலாளர்கள் எளிதில் ஏற்கவில்லை. ரப்பர் என்பது சிறு மூலக்கூறுகள் இரட்டைப் பிணைப்புகளின் எஞ்சிய ஈர்ப்பால் திரண்ட கூட்டம் என்றே பலர் நம்பினர். 1920-இல் நீள்சங்கிலிக் கருத்தை முன்வைத்த ஹெர்மன் ஸ்டாடிங்கர், பின்னர் ரப்பரோடு ஹைட்ரஜனைச் சேர்த்து இரட்டைப் பிணைப்புகளை நீக்கிப் பார்த்தார். திரட்சிதான் என்றால் அது சிறு மூலக்கூறுகளாகப் பிரிந்திருக்க வேண்டும், பிரியவில்லை. நோபல் பரிசு அவருக்கு 1953-இல்தான் கிடைத்தது. என்னைக் கேட்டால், வரையறைக்கு முன்பே பாடத்தில் சொல்லப்பட வேண்டிய சோதனை இது.

குறுக்குப்பிணைப்பு:
மேலே உள்ள பதிலோடு உடன்படுகிறேன். ஆனால் நீளத்தோடு வடிவமும் சேரும். கிளைகள் மிகுந்த பாலித்தீன் நெருக்கமாக அடுக்கப்படாததால், அதே வேதி இயைபு இருந்தும் அடர்த்தி குறைந்து மென்மையாக இருக்கிறது.

கருகும் பிளாஸ்டிக்குகளில் சங்கிலிகள் தனித்தனியாக இல்லை. பேக்கலைட்டை எடுத்துக்கொண்டால், பீனாலும் ஃபார்மால்டிஹைடும் வினைபுரிந்து முப்பரிமாண வலையாக இறுகிவிடுகின்றன; சங்கிலிகளைக் கட்டுவன சகப்பிணைப்புகள் (அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்து உருவாக்கும் வலுவான பிணைப்புகள்) என்பதால், சூடேற்றினால் நழுவ இடமின்றி அவையே முறிகின்றன. கந்தகம் சேர்த்துச் சூடாக்கிய ரப்பரில் இந்தக் குறுக்குப் பிணைப்புகள் ஆங்காங்கே மட்டுமே இருப்பதால், அது நீண்டு மீள்கிறது. தனிச் சங்கிலிகளால் ஆனவற்றையும் வலையாக இறுகியவற்றையும் வேறுபடுத்த நல்ல வழி கரைப்பான்தான்: தனிச் சங்கிலிகள் தகுந்த கரைப்பானில் மெல்லக் கரையும், வலையாக இறுகியவை உப்பலாம், கரையா.

வேதிமாணவி:
மிக்க நன்றி, இப்போது புரிகிறது. அப்படியானால் அமிலம், காரம் போன்றவற்றோடு வினைபுரிவதையும் நீளம்தான் தீர்மானிக்கிறதா?

பழைய குடுவை:
இல்லை, அங்கே பெரும்பாலும் மூலக்கூறில் உள்ள வினைபுரியும் அணுத்தொகுதிகளே தீர்மானிக்கின்றன. எஸ்டர் பிணைப்பு (அமிலமும் ஆல்கஹாலும் இணையும்போது உருவாவது) சிறு மூலக்கூறில் எப்படி நடந்துகொள்ளுமோ, பாலியெஸ்டரிலும் ஏறக்குறைய அப்படியே நடந்துகொள்ளும். எனவே சூடான, செறிந்த காரத்தில் பாலியெஸ்டர் நீராற்பகுப்புக்கு (நீரோடு வினைபுரிந்து பிணைப்பு அறுபடுவதற்கு) உள்ளாகிச் சிதைகிறது. கார்பன் முதுகெலும்பு மட்டுமே கொண்ட பாலித்தீனில் காரம் தாக்குவதற்கு எதுவுமில்லை. இயற்கை ரப்பரில் எஞ்சியிருக்கும் இரட்டைப் பிணைப்புகளை ஓசோன் தாக்குவதால் அது வெடிப்பு விடுகிறது. பிவிசி சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடை வெளிவிடுவதும் அதன் பக்கக் குளோரின் அணுக்களால்தான். நீளம் வினையின் வகையை மாற்றுவதில்லை. ஆனால் அதன் விளைவைப் பெரிதாக்குகிறது, ஏனெனில் ஆயிரம் பிணைப்புகளில் ஒன்று நடுவில் அறுந்தாலே சங்கிலி பாதியாகி, வலிமை வெகுவாகக் குறைந்துவிடும்.