வாலி வெஸ்ட் விழுந்தாரா, தள்ளிவிடப்பட்டாரா?

கீஸ்டோன் வாசி:
டிசி காமிக்ஸ் நிறுவனம் 2018 செப்டம்பர் தொடங்கி ஒன்பது இதழ்களாக வெளியிட்ட 'ஹீரோஸ் இன் கிரைசிஸ்' தொடரை இரண்டாம் முறையாகப் படித்து முடித்தேன். முதல் முறை வந்த கோபம் இப்போது வருத்தமாகியிருக்கிறதே தவிர, குறையவில்லை. படிக்காதவர்களுக்காகக் கதையை முடிவோடு சொல்லிவிடுகிறேன். மனக்காயம் பட்ட நாயகர்கள் அடையாளத்தை மறைத்துக்கொண்டு ஆறுதல் பெறுவதற்காக சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் வுமன் மூவரும் 'சாங்க்சுவரி' என்ற இல்லத்தை அமைக்கிறார்கள். ஒருநாள் அங்கிருந்தவர்கள் கொன்று கிடத்தப்பட்டிருக்கிறார்கள். ஹார்லி க்வின், பூஸ்டர்தான் கொன்றார் என்கிறார். பூஸ்டர் கோல்டு, ஹார்லிதான் கொன்றார் என்கிறார். எட்டாம் இதழில்தான் கொலைக்குக் காரணமானவர் வாலி வெஸ்ட் என்று தெரிகிறது.

வாலி 1959-இல் 'கிட் ஃபிளாஷ்' என்ற சிறுவனாக அறிமுகமானவர். மின்னல் வேகத்தில் ஓடும் நாயகர் ஃபிளாஷாக அதுவரை இருந்த பாரி ஆலன் 1985-இல் உயிர்விட்ட பிறகு, அவருடைய சிவப்பு உடையை ஏற்று, ஒரு முழுத் தலைமுறைக்கு அவரே ஃபிளாஷாக இருந்தார். 1991-இல் வந்த 'ஃபிளாஷ்' 54-ஆம் இதழை எடுத்துப் பாருங்கள். நடுவானில் விமானத்தின் பக்கவாட்டில் ஓட்டை விழுந்து, பணிப்பெண் ஒருவர் வெளியே இழுக்கப்பட்டுவிடுகிறார். வாலிக்கு ஓடத் தெரியும், பறக்கத் தெரியாது. குதிக்காமல் இருந்தால் யாரும் குறை சொல்லப் போவதுமில்லை. அது தெரிந்தும், அவர் அந்தப் பெண்ணைத் தொடர்ந்து குதித்துவிடுகிறார். அந்த மனிதரைப் பிணங்களுக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்தியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஒன்பது கட்டம்:
நண்பரே, நீங்கள் சொன்ன விமானக் காட்சி எனக்கும் பிடித்ததுதான். ஆனால் அதே காட்சி என் பக்கத்துக்கும் சாட்சி சொல்லும் என்று நினைக்கிறேன். எல்லோரையும் காப்பாற்றியே தீர வேண்டும் என்று முப்பது ஆண்டுகள் ஓடிய ஒருவர், மனைவிக்கே தன்னை நினைவில்லாமல், இரு பிள்ளைகளும் உலகத்திலிருந்தே துடைக்கப்பட்ட பிறகு எப்படி இருப்பார்? அவர் உடையவே மாட்டார் என்று சொல்வதுதான் அவருக்குச் செய்யும் மரியாதையா? எழுதிய டாம் கிங் முன்னாள் சிஐஏ அலுவலர். போர்முனையிலிருந்து திரும்பியவர்கள் வீட்டுக்குள் எதைச் சுமந்து வருகிறார்கள் என்பதை அவர் அருகிலிருந்து அறிந்தவர். பக்கத்தை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒரே கோணத்தில் ஒரு நாயகரின் முகத்தை வைத்து, அவரைப் பேசவிடும் அந்த ஒப்புதல் பக்கங்களைப் பொறுமையாகப் படியுங்கள். சில கட்டங்களில் பேச்சே இருக்காது. முகம் மட்டும் சற்றுத் திரும்பியிருக்கும். அந்த மௌனத்தை வேறெந்தப் பெரிய நிகழ்வுக் கதையிலும் நான் கண்டதில்லை.

மேலும் வாலி வேண்டுமென்றே கொல்லவில்லை. அழிக்கப்பட்டதாக நம்பப்பட்ட ஒப்புதல் பதிவுகளைத் துண்டு துண்டாகச் சேர்த்து, அத்தனை பேரின் வேதனையையும் ஒரே நேரத்தில் கண்டு, கட்டுப்பாடு இழந்த ஒரு நொடியில், அவருக்கு வேகம் தரும் 'ஸ்பீடு ஃபோர்ஸ்' ஆற்றல் வெடிக்கிறது. அது விபத்து.

பச்சை விளக்கு:
இருவருக்கும் பழைய வழக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். பச்சை மோதிரத்தின் ஆற்றலால் போராடும் கிரீன் லான்டர்ன் வீரர் ஹால் ஜோர்டனின் ஊரான கோஸ்ட் சிட்டி 1993-இல் அழிந்தது. 1994-இல் கிரீன் லான்டர்ன் 48 முதல் 50 வரையிலான மூன்றே இதழ்களில் ஹால் சக வீரர்களின் மோதிரங்களைப் பறித்து, பாரலக்ஸ் என்ற எதிரியாக மாறினார். அன்றைய வாசகர்களின் கொதிப்பு பத்தாண்டுகள் ஆறவில்லை. ஆனாலும் 48-ஆம் இதழின் தொடக்கத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அழிந்த நகரத்தை ஹால் தன் மோதிரத்தின் பச்சை ஒளியால் மீண்டும் எழுப்பி, இறந்துபோன தந்தையோடு பேசுகிறார். அவர் செய்தது கொடுமைதான் என்றாலும், அதற்கு முன்பே நாம் அவருடைய துக்கத்துக்குள் நின்றுவிட்டோம்.

கீஸ்டோன் வாசி:
பச்சை விளக்கு அவர்களே, நான் தேடிக்கொண்டிருந்த சொல்லை எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். வாலியின் துக்கத்துக்குள் நம்மை நிற்கவிடவே இல்லை; நிற்கவும் விட முடியாது. கொலையாளி யார் என்பதை எட்டாம் இதழ்வரை மறைக்க வேண்டுமானால், அவர் மனத்தையும் எட்டாம் இதழ்வரை மூடியே வைக்க வேண்டும். அதனால் முதல் இதழிலேயே அவரைப் பிணமாகக் காட்டுகிறார்கள். ஒன்பது கட்டப் பக்கங்களைப் புகழ்ந்தீர்கள்; அவற்றின் அழகை நான் மறுக்கவில்லை. மற்றவர்கள் பேசும்போது அவை வாக்குமூலங்கள். வாலி பேசும்போது மட்டும் அவை துப்பறியும் கதைக்கு வேண்டிய தடயங்களாகிவிடுகின்றன.

விபத்து என்றீர்கள், ஒப்புக்கொள்கிறேன். விபத்துக்குப் பிறகு அவர் செய்தவற்றை விட்டுவிட்டீர்களே! சடலங்களை இடம் மாற்றுகிறார். ஒன்றும் அறியாத ஹார்லியும் பூஸ்டரும் ஒருவர்மீது ஒருவர் பழி போடும்படி காட்சியை அமைக்கிறார். காலத்தைத் தாண்டி ஓடி, ஐந்து நாள் கழித்து இருக்கப்போகும் தன் உடலையே எடுத்துவந்து, பிணங்களோடு கிடத்துகிறார். இதெல்லாம் கட்டுப்பாடு இழந்தவர் செய்வதா, அல்லது நிதானமாகத் திட்டமிடுபவர் செய்வதா? விமானத்திலிருந்து குதித்தவர் ஒருநாள் உடையலாம். தன் குற்றத்தை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு நடந்துபோவார் என்பதை மட்டும் நான் நம்பமாட்டேன், அது அவருடைய இயல்பிலேயே இல்லாதது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உதவி கேட்டு வந்தவர்களுக்கான ஓர் இல்லத்தை, அது எப்படி இயங்குகிறது என்று நமக்குக் காட்டுவதற்கு முன்பே சவக்கிடங்காக்கிவிட்டார்கள். மனநலத்தைப் பற்றிப் பேச வந்த ஒரு கதையில், துக்கத்தில் இருப்பவர்தான் ஆபத்தானவர் என்ற எண்ணம் இதைவிட அழுத்தமாக எப்படிப் பதியும்?

ஒன்பது கட்டம்:
பழி சுமத்திய பகுதிக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. குற்றவுணர்வில் தவித்தவர், வெளியே உண்மையைச் சொல்லக் கொஞ்சம் அவகாசம் தேடினார் என்று இத்தனை நாளும் எனக்கு நானே விளக்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் வரிசைப்படுத்தியதைப் பார்த்தால் அந்த விளக்கம் தாங்கவில்லை. ஆனால் துக்கத்தில் இருப்பவரை ஆபத்தானவராகக் காட்டுகிறது என்ற குற்றச்சாட்டை மறுக்கிறேன். தனக்கு மட்டும்தான் இப்படி வலிப்பதாகவும், இந்த இல்லமே தனக்காகப் போடப்பட்ட நாடகம் என்றும் வாலி சந்தேகிக்கும் இடம் இருக்கிறதே, அந்தத் தனிமை பொய்யில்லை. எனக்கு நெருங்கிய ஒருவரிடம் அதே வார்த்தைகளைக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் இந்தத் தொடரை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பச்சை விளக்கு:
பின்னாளில் செய்த பரிகாரத்தையும் சேர்த்துப் பேச வேண்டும். ஹாலைக் கெடுத்தது அச்சத்தின் உருவமான ஒரு மஞ்சள் உயிரி என்று 2004-இல் மாற்றி எழுதினார்கள். 2021-இல் வாலியின் வெடிப்புக்குக் காரணம் ஸ்பீடு ஃபோர்ஸுக்குள் சிக்கியிருந்த சாவிடார் என்ற எதிரி என்று மாற்றி எழுதினார்கள். மனைவி லிண்டாவும் பிள்ளைகளும் திரும்பக் கிடைத்துவிட்டார்கள். கீஸ்டோன் வாசிக்கு இது நிறைவு தருகிறதா?

கீஸ்டோன் வாசி:
வாலி மீண்டும் தன் வீட்டுச் சமையலறையில் பிள்ளைகளோடு சிரிப்பதைப் பார்க்கும்போது மனம் குளிர்கிறது, அதை மறைக்கமாட்டேன். ஆனால் 2016-இல் வந்த 'ரீபர்த்' சிறப்பிதழை நினைத்துக்கொள்கிறேன். லிண்டாவுக்கும் அடையாளம் தெரியாமல், ஸ்பீடு ஃபோர்ஸில் கரைந்துபோகும் தறுவாயில், பாரியிடம் நன்றி மட்டும் சொல்லி விடைபெற வருகிறார் வாலி. கடைசி நொடியில் பாரிக்கு நினைவு வந்து, கையைப் பிடித்து இழுத்து அணைத்துக்கொள்கிறார். அங்கே யாரையும் வில்லனாக்கித் தீர்வு காணவில்லை. ஒருவர் இன்னொருவரை நினைவில் வைத்திருந்தார், அவ்வளவுதான். இரண்டே ஆண்டுகளில் அதே மனிதரை அந்த இல்லத்துக்கு அனுப்பியபோது, அவரைப் பார்க்க பாரி ஒருமுறை வந்து அருகே உட்கார்ந்திருக்கும் ஒரு பக்கத்தைக்கூட யாரும் எழுதவில்லையே என்பதுதான் எனக்கு ஆறாத குறை.

ஒன்பது கட்டம்:
அந்த ஒரு பக்கம் இருந்திருந்தால் நானும் மகிழ்ந்திருப்பேன், நண்பரே.