ரோமானியப் படை பற்றிய ஆவணப்படங்களை வகுப்பில் காட்டலாமா?

கேள்வி: ஆசிரியை, பழைய வண்ணாரப்பேட்டை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதிப் பள்ளி மாணவர்களுக்கு மாலை நேரத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்து வருகிறேன். தமிழில் குரல் கொடுக்கப்பட்டு ஒளிபரப்பாகும் ரோமானியப் படை பற்றிய ஆவணப்படங்களை அவர்கள் விரும்பிப் பார்ப்பதால், சிலவற்றை வகுப்பிலும் காட்டுவதுண்டு. அண்மையில் இரண்டு படங்களை அடுத்தடுத்துப் பார்த்தபோது, கி.மு. 216-இல் இத்தாலியின் கன்னேயில் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலிடம் தோற்ற படையும், அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு டானூப் ஆற்றைக் கடந்து இன்றைய ருமேனியாப் பகுதியில் வாழ்ந்த டாசியர்களோடு போரிட்ட பேரரசர் திராயானின் படையும், ஒரே இரும்புக் கவசம், ஒரே செவ்வகக் கேடயம், ஒரே சிவப்பு உடையோடு நிற்பதைக் கண்டோம். அத்தனை காலம் ஒரு படையின் உடை மாறாமலா இருக்கும் என்று ஒரு மாணவி கேட்டாள். வரலாற்றுப் பேராசிரியர்கள் நேரில் தோன்றிப் பேசும் படங்களிலேயே இப்படி நேர்வது ஏன்? இவற்றை வகுப்பில் காட்டலாமா, விட்டுவிடலாமா?

பதில்: வாசகர், தண்டையார்பேட்டை

மாணவியின் ஐயம் நியாயமானது, அம்மா. இரும்புத் தகடுகளைப் பட்டைகளாக அடுக்கி, உட்புறம் தோல்வார்களால் பிணைத்த அந்தக் கவசம் கன்னேப் போரின்போது இருந்ததற்கு எந்தச் சான்றும் இல்லை. நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய துண்டுகளுள் ஒன்று ஜெர்மனியின் டாங்ஸ்டெட்டன் முகாமைச் சேர்ந்தது, அது கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இருந்த முகாம். ஆகவே கி.மு. 44-இல் கொல்லப்பட்ட சீசரின் வீரர்களுக்கு அதை அணிவிப்பதும் தவறுதான், ஆனால் பெரும்பாலான படங்கள் அதைத்தான் அணிவிக்கின்றன.

கன்னே காலத்துப் படை எப்படி இருந்தது என்பதற்குக் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸின் விவரிப்பு இருக்கிறது. அவர் கூறுவதன்படி, சாதாரண வீரன் மார்பின் மேல் ஒரு சாண் அளவுள்ள வெண்கலத் தகட்டை அணிந்தான். பத்தாயிரம் திராக்மாவுக்கு (கிரேக்க வெள்ளி நாணயம்) மேல் சொத்துள்ளவன் மட்டுமே இரும்பு வளையங்களால் ஆன சங்கிலிக் கவசம் அணிந்தான். அந்தக் காலத்துக் கேடயமும் செவ்வகமன்று, நீள்வட்டம். அவரவர் வசதிக்கேற்ற ஆயுதங்களோடு வந்த அந்தக் குடிமக்கள் படையைச் சீருடைப் படையாகக் காட்டும்போது, செல்வம் குறைந்தவன் குறைந்த காப்போடு களத்தில் நின்றான் என்ற செய்தியே மறைந்துவிடுகிறது. வகுப்பில் நீங்கள் பேசவேண்டியது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிழைக்கான காரணங்களில் முதன்மையானது ரோம் நகரில் கி.பி. 113-இல் திறக்கப்பட்ட திராயானின் தூண். அதன் சிற்பங்களில் லெஜியன் எனும் முதன்மைப் படைப்பிரிவுகளைச் சேர்ந்த, குடியுரிமை பெற்ற வீரர்கள் பட்டைக் கவசத்திலும், துணைப்படையினர் சங்கிலிக் கவசத்திலும் காணப்படுகிறார்கள். பார்ப்பவர்களுக்கு இருசாராரையும் பிரித்துக் காட்டச் சிற்பிகள் கையாண்ட உத்தி அது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதே டாசியப் போரின் நினைவாக இன்றைய ருமேனியாவின் ஆதம்கிளிசியில் எழுப்பப்பட்ட நினைவுச்சின்னத்தில் லெஜியன் வீரர்களே சங்கிலிக் கவசமும் செதில் கவசமும் அணிந்து நிற்கிறார்கள். தலைநகரின் தூணை உலகமே பார்த்தது. எல்லைப்புறச் சின்னத்தைப் பார்த்தவர்கள் சிலரே.

இரண்டாவது காரணம் பணம். பிரிட்டனில் 1972-இல் தொடங்கிய எர்மைன் ஸ்ட்ரீட் கார்டு போன்ற தன்னார்வக் குழுக்கள், கி.பி. முதல் நூற்றாண்டுக் கவசங்களை மிகுந்த கவனத்தோடு செய்து வைத்திருக்கின்றன. எந்த நூற்றாண்டைப் பற்றிப் படம் எடுத்தாலும் கைக்கெட்டும் உடைகள் அவைதாம். பேராசிரியரை அழைத்துப் பேட்டி எடுப்பது ஒரு நாள், நடிப்புக் காட்சிகளை எடுப்பது வேறொரு நாள். உடையைப் பற்றி அவரிடம் கேட்டிருப்பார்கள் என்று நாம் எண்ணிக்கொள்ளத் தேவையில்லை.

பதில்: ஓய்வுபெற்ற ஃபிட்டர், பெரம்பூர்

நான் வரலாறு படித்தவனல்லன். தகட்டு வேலை செய்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். படங்களில் அந்தக் கவசம் எப்போதும் பளபளப்பாக, உடையாத பொருளாகத் தெரிகிறது. உண்மையில் இரும்புத் தகடுகளில் பித்தளைக் கீல்களையும் கொக்கிகளையும் தறைந்து செய்த பொருள் அது. காசிமேட்டுப் பக்கம் இரும்பில் பித்தளைச் சாமான் பொருத்தியவர்களைக் கேளுங்கள். ஈரக்காற்றில் இரண்டும் சேருமிடத்தில் இரும்பு எத்தனை விரைவில் அரிக்கும் என்று சொல்வார்கள். ரோமானிய முகாம்களில் உடைந்த கீல்களும் கொக்கிகளும் ஏராளமாகக் கிடைப்பதில் எனக்கு வியப்பில்லை. பிரிட்டனின் வடக்கே ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவருக்கு அருகே கார்பிரிட்ஜில் 1964-இல் கண்டெடுக்கப்பட்ட பெட்டியில் இருந்த கவசங்களில் பழுதுபார்த்த தடயங்கள் தெளிவாக இருக்கின்றன. அந்தப் பெட்டி கிடைத்த பிறகுதான் கவச ஆய்வாளர் ரஸ்ஸல் ராபின்சனால் இவ்வகைக் கவசத்தைச் சரியாக மீட்டுருவாக்க முடிந்தது. பின்னாளில் வந்த வகையில் கீல்களைத் தவிர்த்துத் தகடுகளை நேராகவே தறைந்துவிட்டார்கள். பட்டறைக்காரன் பட்ட தொல்லையின் விளைவு அது என்றே நினைக்கிறேன். சங்கிலிக் கவசத்தைக் கோப்பதற்கு நெடுநாள் ஆகும், ஆனால் ஒரு வளையம் போனால் அந்த ஒன்றை மாற்றினால் போதும். அது அத்தனை நூற்றாண்டுகள் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கவேண்டும்.

பதில்: வாசகர், ராயபுரம்

மேலே உள்ளவர்களோடு சற்று மாறுபடுகிறேன். உடைப் பிழையைக் கண்டுபிடிப்பது எளிது, அதனால்தான் எல்லோரும் அதையே பேசுகிறோம். கதைசொல்லியின் குரலில் வரும் பிழைதான் மாணவர் மனத்தில் தங்கும். "ரோமானிய வீரர்கள் நாள்தோறும் இருபது மைல் நடந்தார்கள்" என்று ஒரு படத்தில் கேட்டேன். ரோமானியப் படைக்கலை நூலாசிரியர் வெகேஷியஸ் எழுதியிருப்பது வேறு: புதிதாகச் சேர்ந்தவர்கள் கோடைக்காலத்து ஐந்து மணி நேரத்தில் இருபது ரோமானிய மைல், அதாவது ஏறத்தாழ 30 கிலோமீட்டர், நடந்து பழகவேண்டும் என்கிறார். அது பயிற்சிக்கான அளவு. மேலும் அவர் சீசருக்கு நானூறு ஆண்டுகளுக்கும் மேல் பிற்பட்டவர். தம் காலத்துப் படை சீர்கெட்டுவிட்டது என்ற கவலையில், பழைய படை எப்படி இருந்திருக்கவேண்டும் என்று எழுதியவர். அவர் சொல்லை எடுத்துச் சீசரின் படைக்குச் சான்றாக்குவது முறையாகுமா?

சண்டைக் காட்சிகளும் அப்படித்தான். முதல் மோதல் முடிந்ததும் வரிசை கலைந்து ஒவ்வொருவரும் தனித்தனியே வாள் சுழற்றுகிறார்கள். வரிசையைக் காப்பதுதான் அந்தப் படையின் வலிமை. ஒரு வீரனுக்கும் அடுத்தவனுக்கும் எவ்வளவு இடைவெளி இருந்தது என்பதில் பொலிபியஸும் வெகேஷியஸும் ஒத்துப்போகாததால் அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அந்த வாதத்தை இரண்டு நிமிடம் காட்டியிருந்தால்கூட நல்ல ஆவணப்படமாக இருந்திருக்கும். குதிரைவீரர்கள் காலை அங்கவடியில் ஊன்றி வருவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கவடி அவர்களிடம் இருந்ததில்லை, நான்கு கொம்புகள் கொண்ட சேணம்தான் அவர்களைத் தாங்கியது.

கேட்டவர்: ஆசிரியை, பழைய வண்ணாரப்பேட்டை

மூவருக்கும் நன்றி. இன்னொன்று. தமிழ் மன்னர்களின் பாசறையில் ரோமானியப் படைவீரர்கள் காவல் காத்தார்கள் என்று ஒரு காணொளியில் கூறுகிறார்கள். பட்டைக் கவசத்தோடு ஒரு படமும் காட்டுகிறார்கள். இதற்கு அடிப்படை உண்டா?

பதில்: வாசகர், தண்டையார்பேட்டை

அடிப்படை முல்லைப்பாட்டில் இருக்கிறது. அரசனின் பாசறையில் சட்டையணிந்த, அச்சம் தரும் தோற்றமுடைய யவனர்கள் காவலில் இருந்ததாக அந்தப் பாட்டு சொல்கிறது. கூலிக்கு வந்த மேற்குநாட்டவர் என்று கொள்ளலாமே தவிர, லெஜியன் வீரர்கள் என்பதற்கு அதில் இடமில்லை. பாட்டில் இருப்பது சட்டை, இரும்புக் கவசமன்று. ரோமானிய நாணயங்கள் தமிழகத்தில் ஏராளமாகக் கிடைத்ததும், அரிக்கமேட்டில் மத்தியதரைக் கடல் நாட்டு மண்பாண்டங்கள் கிடைத்ததும் வணிகத்துக்குச் சான்றுகள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் அந்த நாணயங்கள் பல இருக்கின்றன; மின்சார ரயிலில் அழைத்துச் சென்று மாணவர்களுக்கே காட்டிவிடலாம்.

ஆவணப்படத்தை விடவேண்டாம் என்பதே என் கருத்து. அதனோடு விண்டோலாண்டா மரப்பலகைகளில் ஒன்றையும் படித்துக் காட்டுங்கள். பிரிட்டனின் வட எல்லைக் கோட்டையில் 1973 முதல் கிடைத்துவரும், மையால் எழுதிய மெல்லிய பலகைகள் அவை. கி.பி. 90-களைச் சேர்ந்த ஒரு பலகையில் துங்கிரியர் என்ற இனத்தாரைக் கொண்டு அமைத்த துணைப்படைப் பிரிவின் ஆள் கணக்கு இருக்கிறது. மொத்தம் 752 பேர். அவர்களில் 456 பேர் வெளியிடங்களில் பணியில் இருக்கிறார்கள், கோட்டையில் 296 பேர்தாம். அந்த 296 பேரிலும் நோயாளிகள் 15, காயம்பட்டவர்கள் 6, கண்நோய் கண்டவர்கள் 10. போர்க்காட்சி பார்த்த மாணவர்களிடம் இந்தக் கணக்கைக் கொடுத்து, மீதியிருக்கும் 265 பேரை வைத்து அந்தக் கோட்டையை எப்படிக் காப்பீர்கள் என்று கேளுங்கள். பலகைகளின் படங்களும் ஆங்கில மொழிபெயர்ப்பும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.