கடற்கரை மணலை இயந்திரத்தால் சலிப்பது சரியா?

கேள்வி: சென்னையில் விடியற்காலையில் நடக்கையில், குப்பை அள்ளும் இயந்திரம் மணலைச் சலித்துச் சென்ற இடங்களில் நண்டு வளைகளைக் காண முடிவதில்லை. தூய்மைக்கான இப்பணி கரையைக் கெடுக்கிறதா?

பதில் 1: கெடுக்கிறது என்பதே என் கருத்து. அலை ஒதுக்கும் பாசியும் சருகும் குப்பையல்ல. அவற்றை உண்டு வாழும் சிற்றுயிர்களைத் தேடித்தான் உள்ளான் பறவைகள் ஈர மணலைக் கொத்தியபடி ஓடுகின்றன. பிளாஸ்டிக்கை மட்டும் கையால் பொறுக்குவதே நல்லது.

பதில் 2: விளக்குகளையும் கவனியுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் எனும் கடலாமைகள் இடும் முட்டைகளிலிருந்து ஏறத்தாழ 50 நாட்களில் வெளிவரும் குஞ்சுகள், கடலின் மங்கிய ஒளியை நாடாமல் சாலை விளக்கை நோக்கி ஊர்ந்து மடிகின்றன.

பதில் 3: மணல்மேட்டைப் பிடித்து நிறுத்தும் அடப்பங்கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் களையென்று பிடுங்குவதையும் முதலில் நிறுத்த வேண்டும். மணல் வரத்து தடைபட்டாலும் கரை அழியும்: புதுச்சேரியில் 1989-இல் முடிந்த துறைமுகத் தடுப்புச் சுவர்கள் வடக்கே நகரும் மணலைத் தடுத்ததால், நகரக் கடற்கரையே கரைந்து கருங்கற்குவியலானது.