டிஞ்சருக்குத் தமிழ்ச் சொல்: ‘ஊறுசாரம்’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலேயர் காலத்து மருந்துக் குறிப்புகளைத் தமிழாக்கும்போது டிஞ்சரை, அதாவது மருந்துப் பொருளைச் சாராயத்தில் ஊறவைத்து எடுக்கும் மருந்தை, ‘கஷாயம்’ என்றே எழுதிவிடலாம் என்று ஒரு நண்பர் சொல்லியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. கஷாயத்தை டம்ளரில் குடிப்போம். டிஞ்சர் சொட்டுக் கணக்கு. அன்றைக்கு வலிக்கும் வயிற்றுப்போக்குக்கும் வீட்டிலேயே வைத்திருந்த லாடனம், அபினியைச் சாராயத்தில் ஊறவைத்து எடுத்த டிஞ்சர். அதை ‘அபினிக் கஷாயம்’ என்று எழுதினால் படிப்பவர் என்ன அளவை நினைப்பார்? பயமாக இருக்கிறது.

நிலவேம்பையே பாருங்கள். ஆங்கிலேய மருத்துவர் வேரிங் தொகுத்து 1868இல் வெளிவந்த இந்திய மருந்து நூலில் அது இரண்டு விதமாக வருகிறது. ஒன்று, கொத்தமல்லியும் ஆரஞ்சுத் தோலும் சேர்த்து வெந்நீரில் ஊறவைத்து வடிப்பது. மற்றது, வெள்ளைப்போளமும் கரியபோளமும் சேர்த்து பிராந்தியில் நாள்கணக்கில் ஊறவிட்டு, பிழிந்து வடிப்பது. நாம் காய்ச்சிக் குடிக்கும் நிலவேம்புக் குடிநீர் இந்த இரண்டிலும் சேராது. காய்ச்சினால் குடிநீர், நீரில் ஊறினால் ஊறல் குடிநீர், ஓமத்தைப் போல வாலையில் (ஆவியாக்கிக் குளிர்விக்கும் கலத்தில்) வடித்தால் தீநீர் என்று சித்த மருத்துவத்தில் பெயர்கள் இருக்கின்றன. சாராயத்தில் ஊறியதற்குத்தான் சொல் வேண்டும்.

வெறும் ‘ஊறல்’ சரிவராது. போலீஸ் ஊறலை அழித்த செய்தியைப் படித்துப் பழகியவர்கள் நாம்.

டிஞ்சர் என்றே விட்டுவிடலாம் என்பவர்கள், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் கிறீன், தம் வேதியியல் நூலுக்கு ஆங்கிலச் சொல்லையே தழுவிக் ‘கெமிஸ்தம்’ என்று பெயர் வைத்ததைக் காட்டலாம். நியாயம்தான். ஆனால் டிஞ்சர் என்றதும் நம் ஊரில் புண்ணில் தடவும் மருந்துதானே நினைவுக்கு வருகிறது?

அதனால் ‘ஊறுசாரம்’ என்று முன்வைக்கிறேன். ஊறுகாய் போல வினைத்தொகை. ஈழத்தில் ஆல்கஹாலுக்கு வழங்கும் ‘மதுசாரம்’ அதில் எதிரொலிப்பதும் நல்லதே. ஊறு என்றால் தீங்கும் ஆகுமே என்று கேட்பீர்கள். ஊறுகாயில் யாரும் அப்படிப் பொருள் கொள்வதில்லை.

ஒரு சிக்கல் உண்டு. டிஞ்சர் அயோடினில் எதுவும் ஊறுவதில்லை, அயோடின் சாராயத்தில் கரைகிறது. அதை மட்டும் ‘அயோடின் சாராயக் கரைசல்’ என்று பிரித்துவிடலாமா? மருந்தாளுநர்கள் யாராவது சொல்லுங்கள்.