தைப்பூசம்: கண்ணைவிட்டுப் போகாத ஒரு காட்சி, எழுதுங்க

வேல்மாறன்:
மலேசியா பத்துமலை, 272 படி. பாதி தாண்டினதும் கூட்டம் அப்படியே நின்னுடும், அது தெரிஞ்சதுதான். முன்னால ஒரு அம்மா தலையில பால்குடம். குடத்து வாயில கட்டின மஞ்சள் துணி மெல்ல நனைஞ்சு, நெத்தி வழியா இறங்குது. பால் இல்ல, தெளிஞ்ச மோர்த்தண்ணி. மேல அபிஷேகத்துக்குச் சாய்க்கும்போது கட்டிகட்டியா விழுந்தது. அந்த அம்மா யார் முகத்தையும் பார்க்கல.

சாமிகுத்தம்னு பக்கத்துல ஒருத்தர் சொன்னார். இல்லவே இல்ல. பித்தளைக் குடத்தைப் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்ச்சுட்டு ஒரே தடவை அலசியிருப்பாங்க. கழுத்து மடிப்புல ஒட்டியிருக்கிற புளிப்பு போதும், பால் திரிய. மூணு தடவை அலசி, வெயில்ல கவுத்துக் காயவைக்கணும். குடத்துல முக்கால்வாசிக்கு மேல ஊத்தக் கூடாது. தளும்பி நனைஞ்ச துணி வெயில்ல புளிச்சு, அது திரும்பக் குடத்துக்குள்ளயே சொட்டும்.

ஆத்தங்கரை:
காய்ச்சாத பாலா, பாக்கெட் பாலான்னு சொல்லலியே அண்ணே. காய்ச்சாத பால் நம்ம வெயில்ல நாலஞ்சு மணி நேரத்துல தானாவே புளிக்க ஆரம்பிச்சிடும். குடம் எவ்வளவு சுத்தமா இருந்தாலும் அப்படித்தான். சுங்கை பத்து ஆத்துல குளிச்சு, பூசை முடிச்சு, வரிசையில நின்னு மேல போய்ச் சேர அந்த நேரம் ஆயிடும். பாலை ஐஸ் பெட்டியில கொண்டுவந்து, பூசை ஆரம்பிக்கிறப்போ மட்டும் குடத்துல ஊத்துங்க. புளியை மட்டும் குத்தம் சொல்லாதீங்க.

இரும்புத்தோள்:
பாலைப் பத்தியே பேசிட்டிருக்கீங்க. உடம்புல கம்பி குத்திச் சட்டம் சுமக்கிற அலகுக் காவடிக்காரங்க தடுமாறுறது எங்க தெரியுமா? தரையில இல்ல, முதல் இருபது படியில. சமதரையில பாரம் இடுப்புப் பட்டையிலும் தோள் மெத்தையிலும் உட்காரும். உடம்புல குத்தின கம்பி சும்மா தொட்டுக்கிட்டிருக்கும். படி ஏற உடம்பு முன்னால சாயும், கூடவே 20, 30 கிலோ சட்டமும் சாயும். அப்போ முன்பக்கத்துக் கம்பிங்க நெஞ்சுல அழுந்தும், முதுகுப் பக்கம் இழுபடும். ஒருத்தர் அப்படியே நின்னு, வாயில வேல் இருக்கிறதால பேச முடியாம, விரலால நெஞ்சைத் தட்டிக் காட்டினார். கூட வந்தவங்களோ ஆட்டம் போடச் சொல்றாருன்னு நினைச்சு 'வேல் வேல்'னு சத்தத்தைக் கூட்டினாங்க!

கைச்சைகையை முன்கூட்டியே பேசிவைங்க: ஒரு தட்டுன்னா நிறுத்து, ரெண்டுன்னா முன் திருகைத் தளர்த்து. துணைக்கு வர்றவர் இடுப்புல ஸ்பேனர், நாலு மாத்துத் திருகு, கையில ஒரு முக்காலி. ஸ்பேனர் வண்டியில இருக்குன்னு சொல்றவரைத் துணைக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க.

சிராங்கூன்:
எங்க சிங்கப்பூர்ல படியே கிடையாது. சீனிவாசப் பெருமாள் கோயில்ல கிளம்பி டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரைக்கும் மூணு கிலோமீட்டர் சொச்சம். இங்க குறை வேற. 1973-லயே ஊர்வலத்துல வாத்தியத்துக்குத் தடை வந்தாச்சு. 2016-லதான் வழியில மூணு இடத்துல அனுமதிச்சாங்க. மேளம் நிக்கிற இடத்துல காவடிக்காரர் காலும் நின்னுபோறதைப் பார்த்தவங்களுக்குப் புரியும். தாளம் போனா பாரம் ஏறும். வாயாலயே பாடிக்கிட்டு வர ஆறேழு பேராவது சேருங்க.

மருந்துப்பெட்டி:
சைகை பத்தி எழுதினது சரி, ஆனா வாயில வேல் குத்துறவருக்கு அதுக்கு முன்னாலயே யோசிக்க வேண்டியது நிறைய இருக்கு. யாரும் கேட்கல, இருந்தாலும் சொல்றேன். ஆஸ்பிரின், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மருந்து எடுக்கிறவங்க நாக்குல அலகு குத்தவே கூடாது. நாக்குல ரத்த ஓட்டம் அதிகம், கசிய ஆரம்பிச்சா நிக்காது. குத்துறதுக்காக மருந்தைத் தானா நிறுத்துறது அதைவிட ஆபத்து. அவங்களுக்குப் பால்குடம் இருக்கு. சர்க்கரைக்காரங்க விரதத்துல ஊசி அளவை டாக்டர்கிட்ட கேட்டுத்தான் மாத்தணும். ஒருவேளைச் சாப்பாட்டோட பழைய அளவு ஊசியே போட்டா, படியில மயக்கம் வரும். அருள் வந்திருக்குன்னு சுத்தி நிக்கிறவங்க கும்பிடுவாங்க!

வேல் ஒருத்தருக்கு ஒண்ணு, கிருமி நீக்கினது. டெட்டனஸ் ஊசி போட்டிருக்கணும். வேல் இருக்கிற வரைக்கும் ஒழுங்கா குடிக்க முடியாது, அதனால குத்துறதுக்கு முன்னாலயே தண்ணி குடிச்சிருக்கணும். எடுக்கும்போது அவசரம் வேண்டாம். கன்னத்துல குறுக்கே போற வேலுக்கு ஒரு முனை திருகிக் கழட்டுற மாதிரி இருக்கும். முதல்ல அதைக் கழட்டணும், அப்புறம் நேரா இழுக்கணும். கழட்டாம இழுத்துக் கன்னம் கிழிஞ்சது உண்டு. எடுத்ததும் சுத்தமான துணியால பத்து நிமிஷம் அழுத்துங்க. நூறு பேர் தொட்ட தட்டுத் திருநீறு நெத்திக்கு, காயத்துக்கு இல்ல.

இரும்புத்தோள்:
@மருந்துப்பெட்டி, திருநீறு வைக்காத அலகு அலகா? புதுசா ஒரு பொட்டலம் பிரிச்சா முடிஞ்சது. துணியால அழுத்திட்டு, அதுக்கப்புறம் வைங்க. சண்டை வேண்டாம்.

தண்ணீர்மலை:
பினாங்கை யாரும் எழுதலியே. செட்டியார்களோட வெள்ளி ரதம் 1894-ல இருந்து வருது, 2017-ல தங்க ரதமும் சேர்ந்தது. ரதம் வர்றதுக்கு முன்னால ரோட்டுல தேங்காய் மலையா குவிஞ்சிருக்கும். தமிழர் மட்டுமில்ல, சீனக் குடும்பங்களும் மூட்டைமூட்டையா உடைப்பாங்க. ஓட்டுச் சில்லு, தேங்காய்த் தண்ணி, வழுக்கல், அது மேல வெறுங்கால்! கண்ணுல நிக்கிறது ஒரு சின்னப் பையனோட குதிகால்தான். சில்லு செருகி இருக்கு, அவன் அழவே இல்ல, கால்ல ஏதோ ஒட்டியிருக்குன்னு தட்டிவிடப் பார்க்கிறான்.

சில்லு சிதறுறது எறியிற விதத்தால. தண்ணி இருக்கான்னு குலுக்கிப் பார்த்த கனமான காய், வயித்துப் பக்கம் தரையில படுற மாதிரி, தாழ்வா, ஓங்கி அடிச்சா ரெண்டு மூணு பெரிய துண்டா நிக்கும். தலைக்கு மேல தூக்கி எறிஞ்சா பொடிப்பொடியா தெறிச்சுப் பின்னால நிக்கிறவர் கால்ல ஏறும். உடைச்சு முடிஞ்சதும் வாரியெடுக்கிற வண்டி வரும். அது போன பிறகும் ரோட்டோரமா நடக்காதீங்க, அள்ளுறப்போ சில்லெல்லாம் ஓரத்துக்குத்தான் ஒதுங்கும். நடுவுல நடங்க.

வேல்மாறன்:
@ஆத்தங்கரை, ஐஸ் பெட்டி சரிதான். ஒண்ணு மட்டும்: ஜில்லுனு ஊத்தின குடம் வெளியே வேர்க்கும், கைவழுக்கும். கழுத்துல ஒரு சுத்து பருத்தித் துணி கட்டிட்டுத் தூக்குங்க.