எதிரொலியற்ற அறையில் 50 ஹெர்ட்ஸ் ஹம்: எர்த்தை எங்கே பிரிப்பது?

எங்கள் பல்கலைக்கழக ஒலியியல் ஆய்வகத்தின் எதிரொலியற்ற அறையில் மூன்று வாரமாக ஹம், அதாவது மைக் சிக்னலில் மின்சார ரீங்காரம். அதிர்வெண் வரைபடத்தில் 50, 100, 150 ஹெர்ட்ஸில் கூரான கோடுகள். மெல்லிய ஒலிகளை அளக்கவே முடியவில்லை.

அரை அங்குல ஐஇபிஇ மைக் (சிக்னல் கேபிள் வழியாகவே மின்சாரம் பெறுவது), 20 மீட்டர் பிஎன்சி (வட்ட உலோக இணைப்பி) கேபிள், சுவர்ப் பேனல் வழியாக வெளியே யுஎஸ்பி இன்டர்ஃபேஸ். மைக்கின் ஒலி உணரும் தலையான கேப்ஸ்யூலைக் கழற்றி, பதிலுக்கு ஒலியை உணராத 18 பிகோஃபாரட் டம்மி மின்தேக்கி மாட்டியும் ஹம் அப்படியே, ஆக காற்றில் வரும் சத்தம் இல்லை. கேபிள் மாற்றியாயிற்று, விளக்குகளை அணைத்தாயிற்று. லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டினால் 6 டெசிபல்தான் குறைகிறது. மைக்கின் ப்ரீஆம்ப்பின் (கேப்ஸ்யூல் மாட்டும் பெருக்கி) உலோக உடல் தரைக் கம்பிவலையில் பட்டாலோ சட்டென்று எகிறுகிறது.

பேனலில் பிஎன்சியின் வெளிவளையம் நேராகச் சுவர் உலோகத்தோடு சேர்ந்திருக்கிறது. சுவருக்குத் தனி எர்த்.

பிஎன்சி சாக்கெட்டைப் பேனலிலிருந்து இன்சுலேட் செய்தால் போதுமா, இல்லை சுவர் எர்த், லேப்டாப் பக்க எர்த் இரண்டையும் ஒரே புள்ளியில் சேர்க்க வேண்டுமா?