‘ஸ்டிரிப்பிங்’: உரித்தலா, இறக்கலா, கழற்றலா?

காட்பாடி, கல்லூரி வேதியியல் துறையிலிருந்து
பொருள்: அணுக்கழிவு வேதியியல் – ஒரு சொல் வேண்டும்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

கதிரியக்கக் கழிவிலிருந்து தனிமங்களைப் பிரிப்பது பற்றி இளநிலை மாணவர்களுக்கு ஒரு பாடம் தமிழில் தயாராகிறது. அதில் எக்ஸ்டிராக்‌ஷன், ஸ்கிரப்பிங், ஸ்டிரிப்பிங் என்ற மூன்றும் ஒரே பத்தியில் வருகின்றன. முதலாவதற்குப் பள்ளிப் பாடநூலில் பழகிய ‘சாறு இறக்கல்’ இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் வரைவில் ‘தேய்த்துக் கழுவல்’, ‘உரித்தல்’ என்று போட்டிருக்கிறார்கள். இங்கே எதையும் தேய்ப்பதில்லை, எதற்கும் தோல் இல்லை. இரண்டையும் மாற்றியாக வேண்டும்.

நடப்பது இதுதான். உலையில் பயன்படுத்திய எரிபொருளை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அமிலச் செறிவை 3 முதல் 4 மோலாருக்குக் கொண்டுவருகிறோம். அதனோடு, டோடெக்கேன் என்ற எண்ணெய் போன்ற திரவத்தில் 30 சதவீதம் முப்பியூட்டைல் பாஸ்பேட் (டிரைபியூட்டைல் பாஸ்பேட்) கலந்த கரைப்பானைச் சேர்த்துக் கலக்குகிறோம். யுரேனியமும் புளூட்டோனியமும் கரைப்பானுக்குப் போய்விடும். சீசியம், ஸ்டிரான்சியம், அருமண் தனிமங்கள், அமெரிசியம் எல்லாம் அமில நீரில் தங்கிவிடும். இது எக்ஸ்டிராக்‌ஷன். கூடவே ஒட்டிக்கொண்டு போகும் சிர்கோனியம், ருத்தேனியத்தைப் புது அமிலம் காட்டித் திருப்பி அனுப்புவது ஸ்கிரப்பிங். கடைசியில் யுரேனியம், புளூட்டோனியத்தையே கரைப்பானிலிருந்து நீருக்குக் கொண்டுவருவது ஸ்டிரிப்பிங். ஒரு சொல் தாருங்கள்.

வேலூர், அணு மருத்துவப் பிரிவிலிருந்து

ஸ்டிரிப்பிங்குக்கு ‘மீட்பு’ என்று வைத்தால் என்ன? எளிமையாக இருக்கிறது, எல்லாருக்கும் புரியும்.

ராணிப்பேட்டை, கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் துறையிலிருந்து

‘மீட்பு’ வேண்டாம் என்பது என் கருத்து. இந்தப் பக்கம் தோல் பதனிடும் டேனரிகளில் ‘குரோம் மீட்பு’ என்று ஒரு முழு அமைப்புக்கே பெயர் இருக்கிறது. பதனிட்டு முடிந்த குரோம் நீரில் மெக்னீசியம் ஆக்சைடு போட்டு, காரத்தன்மையை பி.எச். 8-க்கு மேல் ஏற்றுவார்கள். குரோமியம் ஹைட்ராக்சைடு பச்சையாக அடியில் படியும். மேல்நீரை வடித்துவிட்டு, படிந்ததில் கந்தக அமிலம் சேர்த்துக் கரைத்து, அடுத்த முறைக்குப் பயன்படுத்துவார்கள். படிய வைப்பது, வடிப்பது, கரைப்பது மூன்றும் சேர்ந்தால்தான் மீட்பு. நீங்கள் கேட்பது ஒரு படிக்கு மட்டுமான பெயர். முழு வேலையின் பெயரை ஒரு படிக்குக் கொடுத்துவிட்டால் பிறகு முழு வேலைக்குப் பெயர் இருக்காது.

ஸ்கிரப்பிங்குக்கு ‘அலசல்’ போதுமே. சோப்புப் போட்ட துணியை அலசுகிறோம். சோப்பு போகும், துணி கையில் இருக்கும். அதேபோல் சிர்கோனியம் போகும், யுரேனியம் கரைப்பானில் இருக்கும். பாத்திரத்தைக் ‘கழுவு’கிறோம், துணியை ‘அலசு’கிறோம் என்ற வேறுபாடு நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடக்கூடாது. ஏனென்றால் நீங்கள் சொல்லும் அணு எரிபொருள் ஆலையிலேயே இன்னொரு கழுவல் இருக்கிறது: எல்லாம் எடுத்த பிறகு வெறுங்கரைப்பானைச் சோடியம் கார்பனேட்டால் கழுவுவது.

ஆற்காடு, மறுபதப்படுத்தல் துறையில் இருந்தவர்

‘அலசல்’ மிகவும் பொருத்தம். கார்பனேட் வேலைக்குக் ‘கழுவல்’ என்றே வைத்துவிடலாம்.

மூன்றையும் ஒரே வரிசையாகப் பார்த்தால் ஏற்றல், அலசல், இறக்கல் என்று அமைகிறது. மண்டியில் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என்று எழுதி வைத்திருக்கிறார்களே, அதுதான். கரைப்பான் லாரி, உலோகம் சரக்கு. அப்போது ‘ஏற்றிய கரைப்பான்’, ‘வெறுங்கரைப்பான்’ என்ற துணைச் சொற்கள் தாமாகவே கிடைக்கின்றன. எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று கணக்கும் சொல்லலாம்.

கணக்கு ஒன்றையும் பாடத்தில் கட்டாயம் சேர்த்துவிடுங்கள். பங்கீட்டு விகிதம், அதாவது கரைப்பானில் உள்ள செறிவு நீரில் உள்ளதைப் போல் எத்தனை மடங்கு என்பது, 20 என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் நீரை ஒரு லிட்டர் கரைப்பானோடு ஒரே தடவை கலக்கினால் நீரில் 21-இல் ஒரு பங்கு, அதாவது 4.8 சதவீதம் தங்கிவிடும். அதே ஒரு லிட்டர் கரைப்பானை அரை அரை லிட்டராக இரண்டு தடவை காட்டினால் தங்குவது 121-இல் ஒரு பங்கு, 0.83 சதவீதம்தான். திரும்பி வரும்போதும் இதே வழி. அங்கே பங்கீட்டு விகிதம் 0.1 என்றால், சம அளவு நீரோடு ஒரு தடவைக்குக் கரைப்பானில் 9.1 சதவீதம் மிஞ்சும். மூன்று தடவைக்கு 0.075 சதவீதம். ஆலையில் கலக்கும் கட்டங்களை வரிசையாகவும், நீரும் கரைப்பானும் எதிரெதிராக ஓடும்படியும் அமைப்பது இதற்காகத்தான்.

ஸ்டிரிப்பிங்கை ‘நீர்க்கழுவல்’ என்று யாராவது சொல்ல வந்தால் அதையும் இப்போதே மறுத்துவிடுகிறேன். யுரேனியத்துக்கு 0.01 மோலார் அமிலம் போதும், சற்றே சூடாக்கினால் இன்னும் நன்றாக வரும். காலிக்ஸ்-கிரௌன் என்ற வளைய மூலக்கூறு பிடித்த சீசியத்துக்கு வாலை வடிநீரே போதும், ஏனென்றால் அது நைட்ரேட்டையும் சேர்த்துத்தான் ஏறியிருக்கிறது. நைட்ரேட் இல்லாத நீரைக் கண்டதும் விட்டுவிடும். (மும்பையின் டிராம்பே அணு நிலையத்தில் உயர்நிலைக் கழிவிலிருந்து சீசியம்-137-ஐ இப்படித்தான் எடுத்து, கண்ணாடியாக்கிப் பென்சில் வடிவில் வார்த்து, இரத்தக் கதிர்வீச்சுக் கருவிகளுக்குக் கொடுக்கிறார்கள்.) ஆனால் புளூட்டோனியத்துக்கு வெறும் நீரைக் காட்டவே கூடாது. அமிலம் மிகவும் குறைந்தால் நான்கு இணைதிறப் புளூட்டோனியம் நீரோடு வினைபுரிந்து பலபடிச் சேர்மமாகிக் குழம்பிவிடும். அது கரைப்பானுக்கும் போகாது, எளிதில் கரையவும் செய்யாது, குழாயில் படியும். ஆகவே அமிலத்தை விட்டுவிடாமல், நான்கு இணைதிற யுரேனியம் சேர்த்துப் புளூட்டோனியத்தை மூன்று இணைதிறத்துக்கு ஒடுக்குவார்கள். அந்த நிலையில் கரைப்பானுக்கு அதன்மேல் பிடிப்பில்லை. நைட்ரஸ் அமிலம் வந்து ஒடுக்கத்தைக் கெடுக்காமல் இருக்க ஹைட்ரசீன் காவல்.

குடியாத்தம், பள்ளி வேதியியல் ஆசிரியையிடமிருந்து

ஆற்காட்டு ஐயாவுக்கு வணக்கம். ஏற்றல், அலசல் இரண்டும் மனத்தில் நன்றாகவே ஒட்டுகின்றன. ‘இறக்கல்’ மட்டும் இடிக்கிறது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ‘சாறு இறக்கல்’ என்றால் எக்ஸ்டிராக்‌ஷன். அதே பிள்ளை கல்லூரிக்கு வந்து ‘இறக்கல்’ என்று படித்தால் நேர் எதிர்ப்பொருள். ஒரே சொல் இரண்டு திசையில் ஓடக்கூடாது.

இன்னொன்று. டோடெக்கேன் நீரைவிட லேசு, மேலே மிதக்கும். ஏறுவது, இறங்குவது கண்ணுக்கே தெரியும். குளோரோஃபார்ம் என்றால் கரைப்பான் அடியில் கிடக்குமே? அங்கே ‘ஏற்றல்’ என்றால் பிள்ளைகள் குழம்ப மாட்டார்களா?

ஆற்காட்டிலிருந்து

> அங்கே ‘ஏற்றல்’ என்றால் பிள்ளைகள் குழம்ப மாட்டார்களா?

குழம்ப மாட்டார்கள் அம்மா. கப்பலின் அடித்தட்டுக்குச் சரக்கைக் கீழே இறக்கி அடுக்கினாலும் அது ஏற்றுமதிதான். ஏற்றல் என்பது உயரம் அல்ல, சுமை.

ஆனால் முதல் மறுப்புக்கு என்னிடம் பதில் இல்லை. ‘இறக்கல் தொட்டி’ என்ற பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு, இன்னும் ஏற்றாத கரைசலை ஒருவர் அதில் திருப்பிவிட முடியும் என்றால், அந்தச் சொல் ஆலைக்குள் வரவே கூடாது. என் முன்மொழிவைத் திரும்பப் பெறுகிறேன்.

வேலூர், அணு மருத்துவப் பிரிவிலிருந்து

‘மீட்பு’ தவறு என்பது புரிந்தது. எங்கள் பக்கத்துக் கேள்வி ஒன்று. உடலைப் படமெடுக்கப் பயன்படும் டெக்னீசியம்-99எம் எடுக்க இரண்டு வழி உண்டு. மாலிப்டினம்-99 சிதைந்துதான் அது பிறக்கிறது. அலுமினாத் தம்பத்தில் மாலிப்டினம்-99 பிடித்துக் கிடக்கும். உப்புநீர் விட்டால் டெக்னீசியம் மட்டும் வரும். மற்றது கரைப்பான் வழி: வலுவான சோடியம் ஹைட்ராக்சைடில் கரைந்த மாலிப்டேட்டோடு மெத்தில் எத்தில் கீட்டோனைக் கலக்கினால் டெக்னீசியம் கீட்டோனுக்குப் போகும். கீட்டோனை ஆவியாக்கிவிட்டு, பாத்திரத்தில் ஒட்டியதை உப்புநீரில் எடுப்பார்கள். தேடும் சொல் இந்த இரண்டுக்கும் சேருமா?

காட்பாடியிலிருந்து

சேர வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். தம்பத்திலிருந்து வருவதை ‘வடித்தெடுத்தல்’ என்று வேறாகவே வைப்போம். கீட்டோன் வழியில் நடப்பது ஆவியாக்கல். அதற்குப் புதுப் பெயர் தேவையில்லை. இரண்டு திரவங்களுக்கு நடுவே நடக்கும் திரும்புபயணத்துக்கு மட்டுமே இந்தச் சொல்.

குடியாத்தத்திலிருந்து

‘கழற்றல்’ எப்படி?

யுரேனைல் நைட்ரேட் தனியாகக் கரைப்பானுக்குள் போவதில்லை. இரண்டு முப்பியூட்டைல் பாஸ்பேட் மூலக்கூறுகள் அதில் பூட்டிக்கொண்டால்தான் போகிறது. ஒரு வண்டி, இரண்டு மாடு. வண்டி போய்ச் சேர்ந்ததும் மாட்டைக் கழற்றிவிடுகிறோம். வண்டியும் உடையவில்லை, மாடும் மறுநாள் வேலைக்கு வரும். கரைப்பானும் அப்படித்தானே திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது? ஐயா சொன்ன புளூட்டோனியத்தின் ஒடுக்கம், சீசியத்துக்கு வடிநீர், யுரேனியத்துக்கு நீர்த்த அமிலம் எல்லாமே பூட்டை விடுவிக்கும் வெவ்வேறு வழிகள். ‘சாறு இறக்கல்’ என்பதோடும் மோதாது.

ஆற்காட்டிலிருந்து

இதுதான் சொல். தவறு நடக்கும் இடங்களிலும் இது பேசுகிறது என்பதால் முழுமனத்தோடு ஏற்கிறேன்.

கதிர்வீச்சும் அமிலமும் பட்டு முப்பியூட்டைல் பாஸ்பேட் சிதையும். ஒரு பியூட்டைல் போய் இருபியூட்டைல் பாஸ்பேட் ஆகும். அது சிர்கோனியத்தையும் புளூட்டோனியத்தையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு விடாது. அதை ‘கழலாத மிச்சம்’ என்று எழுதலாம், படித்தவுடன் காரணமும் விளங்கும். அந்த மிச்சத்தையும் சிதைவுப் பொருளையும் எடுக்கத்தான் கார்பனேட் கழுவல். கரைப்பானில் அமிலம் மீந்திருக்கக் கார்பனேட்டைச் சேர்த்தால் கரியமில வாயு நுரைத்து இரண்டு திரவமும் பால்போல் கலந்து பிரியாது. கார்பனேட் போதாவிட்டால் யுரேனியமும் சிர்கோனியமும் திப்பியாகி, இரண்டு அடுக்குக்கும் நடுவே பாலேடு மாதிரி படரும். அதற்கு ‘இடைக்கசடு’ என்று எழுதுங்கள்.

அளவுக்கு மேல் ஏற்றினால் கரைப்பானே இரண்டாகப் பிரியும். உலோகம் செறிந்த கனமான பகுதி நடுவில் ‘மூன்றாம் அடுக்கு’ ஆகும். புளூட்டோனியம் அங்கே குவிந்தால் அணுக்கருத் தொடர்வினை ஆபத்து. ஆகவே ‘ஏற்றல் வரம்பு’ என்ற சொல்லும் பாடத்தில் இருக்கட்டும்.

எழுதுகிறவர்கள் கவனிக்க: டிரைபியூட்டைல், டைபியூட்டைல் இரண்டையும் எழுத்துச் சுருக்கமாகத் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘டிபிபி’தான். ஒன்று வேலை செய்வது, மற்றது வேலையைக் கெடுப்பது. சுருக்கம் அறவே வேண்டாம்.

காட்பாடியிலிருந்து

பதிவு இப்படி: ‘கழற்றல் – ஏற்றிய கரைப்பானிலிருந்து தேவையான உலோகத்தை, அமிலச் செறிவையோ இணைதிறனையோ மாற்றி, புதிய நீர்க்கரைசலுக்குக் கொண்டுவருதல். வினை: கழற்று, கழல்.’ ஏற்றலுக்குப் பின் மிஞ்சும் அமில நீருக்கு ‘எஞ்சுகரைசல்’. அதைக் கழிவு என்று எழுத வேண்டாம். சீசியம் இன்னும் அதில்தான் இருக்கிறது.

கதிரியக்கம் இல்லாத செய்முறை ஒன்றும் சேர்க்கிறோம். 125 மில்லி பிரிபுனலில் 20 மில்லி நீர், பொட்டாசியம் அயோடைடில் கரைத்த 0.05 மோலார் அயோடின் 1 மில்லி, 20 மில்லி ஹெக்சேன். மூடியைப் பிடித்துக் கவிழ்த்து, இரண்டு குலுக்கலுக்கு ஒருமுறை குழாயைத் திறந்து ஆவியை வெளியேற்ற வேண்டும். ஹெக்சேனின் கொதிநிலை 69 டிகிரி. வேலூர் மே மாத வெயிலில் அடைத்த புனலுக்குள் அழுத்தம் சீக்கிரம் ஏறும், மூடி எகிறும். மேலடுக்கு ஊதாவாகும்: ஏற்றல். அயோடைடு அதிகம் சேர்த்தால் அயோடின் நீரிலேயே தங்கி மேலே நிறம் வெளுத்திருக்கும். கீழ்நீரை விட்டுவிட்டு, 5 மில்லி தூய நீரால் மெதுவாக அலச வேண்டும். பிறகு 10 மில்லி நீரில் 0.1 மோலார் சோடியம் தயோசல்பேட் 1 மில்லி கலந்து குலுக்கினால் ஊதா மறையும். அயோடின் ஒடுங்கி அயோடைடாகிக் கீழே போய்விட்டது. புளூட்டோனியத்துக்குச் செய்வதும் இந்த வகை ஒடுக்கக் கழற்றல்தான்.

ராணிப்பேட்டையிலிருந்து

செய்முறையில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. மீந்த ஹெக்சேனைத் தொட்டியில் ஊற்றக்கூடாது. இந்த மாவட்டத்தின் சாக்கடை எல்லாம் கடைசியில் பாலாற்றைத்தான் பார்க்கிறது. கண்ணாடிப் புட்டியில் சேர்த்து, இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வைத்து, மேலே இப்படிச் சீட்டு ஒட்டச் சொல்லுங்கள்: ‘வெறுங்கரைப்பான் – ஹெக்சேன் – கழற்றியது – மறுபடி ஏற்றலாம்.’